பழுதானால் யார் வருவார்? தொமஸ் வொட்சனும் விலை கூடிய கணினியும்

1903ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் 14ஆம் தெருவில் ஒரு கடை திறக்கப்பட்டது. கடைகளில் விற்பனைக் காசைப் பதிந்து வைக்கும், லாச்சியோடு கூடிய இயந்திரங்களைப் பாவித்ததாக வாங்கி, பாவித்ததாகவே விற்கும் கடை. நடத்தியவர் 29 வயது இளைஞர். பெயர் தொமஸ் ஜே. வொட்சன். அக்கம்பக்கத்தில் அதே தொழில் செய்தவர்களைவிடக் கூடிய விலைக்கு அவர் பழைய இயந்திரங்களை வாங்கினார். அவர்களைவிடக் குறைந்த விலைக்கு விற்றார். இந்த மனிதன் எப்படிக் கட்டுபடியாகிப் பிழைக்கிறான் என்று மற்றவர்களுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது பலர் கடையைப் பூட்டியிருந்தார்கள், அல்லது அவருக்கே விற்றுவிட்டுப் போயிருந்தார்கள்.

கடைக்குப் பின்னால் இருந்த காசு வொட்சனுடையது அல்ல. அந்த இயந்திரங்களைப் புதிதாகச் செய்து விற்ற நஷனல் காஷ் ரெஜிஸ்டர் என்ற பெரிய கம்பனியே அவரை இரகசியமாக அங்கே அமர்த்தியிருந்தது. காரணம் எளிது. அந்தக் கம்பனியின் இயந்திரங்கள் நல்லவை, விலை கூடியவை, ஆண்டுக்கணக்காக உழைப்பவை. ஒரு கடைக்காரர் தொழிலை விட்டால் அவருடைய இயந்திரம் பாதி விலையில் சந்தைக்கு வந்துவிடும், அதுவும் புதியதைப் போலவே வேலை செய்யும். விலை கூடிய நல்ல பொருளுக்கு மலிவான பொருள் பெரிய எதிரியல்ல. அதன் பெரிய எதிரி அதே பொருளின் பழையதுதான். அதை அந்தக் கம்பனி விளங்கிக்கொண்டது, விளங்கிக்கொண்டு செய்த வேலை அழகானதாக இல்லை.

இந்தக் கதையை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கிளிநொச்சியில் கணினி திருத்தும் சிறிய கடையொன்றை நடத்துகிறேன். உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகம் போகப்போகும் பிள்ளைக்கு மடிக்கணினி எடுக்க வேண்டும், வெளியில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ கொஞ்சக் காசு அனுப்பியிருக்கிறார், பெரிய பெயருள்ளதை எடுப்பதா மலிவானதை எடுத்து மிச்சத்தை வைத்திருப்பதா என்று கேட்டு ஆட்கள் வருவார்கள். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பிறகு இந்தக் கேள்வி கூர்மையாகிவிட்டது. பிழையாக எடுத்தால் மறுமுறை எடுப்பதற்குக் காசு இல்லாத வீடுகள்தான் இங்கே அதிகம். அந்தக் கேள்வியை விற்பவரின் பக்கத்திலிருந்து வாழ்நாள் முழுவதும் பார்த்த மனிதர் வொட்சன். பின்னாளில் ஐ.பி.எம். என்ற மூன்றெழுத்தை உலகின் மிக மதிக்கப்பட்ட, விலையும் கூடிய கணினிப் பெயராக ஆக்கியவர். அவரது வாழ்க்கையைப் பார்த்தால், பெயருக்கு நாம் கொடுக்கும் மேலதிகக் காசு எதற்கெல்லாம் போகிறது என்று தெரியும்.

வொட்சன் 1874 பெப்ரவரி 17ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் கம்ப்பெல் என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் கமக்காரர், மரத் தொழிலும் செய்தவர். நான்கு அக்காமாருக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண்பிள்ளை. ஆசிரியராகலாம் என்று போனவர் ஒரே நாளில் அதை விட்டார். கணக்கியல் படித்து, கிழமைக்கு ஆறு டொலர் சம்பளத்தில் ஓர் இறைச்சிக் கடையில் கணக்கு எழுதினார். பிறகு வண்டியில் பியானோவும் ஓர்கனும் ஏற்றிக்கொண்டு கமக்காரரின் வீட்டு வாசல்களுக்குப் போனார். அதன்பின் தையல் இயந்திரம். எங்கள் வீடுகளில் அம்மாமாரும் அம்மம்மாமாரும் தவணைக்கு எடுத்த தையல் இயந்திரங்களை நினைத்துக்கொண்டால், அந்த வியாபாரம் எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஒரு நாள் நல்ல விற்பனை நடந்ததென்று மதுச்சாலைக்குள் போய்விட்டு வெளியே வந்து பார்த்தால், குதிரை, வண்டி, தையல் இயந்திரங்கள் எல்லாம் களவு போயிருந்தன என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வேலை போனது, கடன் வந்தது. பிற்காலத்தில் அவரது கம்பனியில் மதுவுக்கு எதிராக இருந்த கடுமையான விதிகளுக்கு வேர் இங்கே என்பார்கள்.

பஃபலோ நகரத்துக்குப் போனார். பங்கு விற்றார், கூட இருந்தவர் காசோடு ஓடிவிட்டார். சொந்தமாகத் தொடங்கிய இறைச்சிக் கடையும் படுத்தது. அந்தக் கடையில் தவணைக்கு எடுத்த காசுப்பதிவு இயந்திரம் ஒன்று இருந்தது. அதன் மிகுதித் தவணைகளைக் கடையை வாங்கியவரின் பெயருக்கு மாற்றப் போன இடத்தில்தான், 1896 நவம்பரில், இயந்திரத்தை விற்ற கம்பனியிலேயே வேலை பெற்றார். கடனாளியாகப் படியேறிச் சென்றவர் விற்பனையாளராக இறங்கினார்.

அந்தக் கம்பனியின் முதலாளி ஜோன் பற்றர்சன் விற்பனையை ஒரு பாடமாக்கியவர். விற்பவர் என்ன சொல்ல வேண்டும், எப்படி உடுக்க வேண்டும், எந்தப் பகுதிக்குள் போக வேண்டும் என்றெல்லாம் வரையறுத்தார். வொட்சன் அவரிடம் எல்லாம் கற்றார், மேலே சொன்ன 14ஆம் தெருக் கடை உட்பட. அதற்கான கணக்கு 1912இல் வந்தது. போட்டியாளர்களை முறையற்ற வழியில் அழித்ததாகப் பற்றர்சன், வொட்சன் உள்ளிட்ட அதிகாரிகள் மீது அமெரிக்க அரசு குற்றவியல் வழக்குத் தொடுத்தது. 1913 பெப்ரவரியில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1915இல் அந்தத் தீர்ப்பை விலக்கியதால் அவர் சிறைக்குள் போகவில்லை. ஆனால் அதற்குள் பற்றர்சன் அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார். 1913 முடியும்போது வொட்சனுக்கு வயது 39, புதிதாகக் கல்யாணம் முடித்தவர், மனைவி கர்ப்பமாக இருந்தார், தலைக்கு மேல் சிறைத் தீர்ப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

1914 மே மாதம் அவரை எடுத்தது ஒரு கலவையான கம்பனி. தொழிலாளர் வரவைப் பதியும் மணிக்கூடு, தராசு, இறைச்சி வெட்டும் இயந்திரம் எல்லாம் செய்தது. அவற்றோடு ஹெர்மன் ஹோலரித் கண்டுபிடித்த, துளையிட்ட அட்டைகளை எண்ணும் இயந்திரமும் இருந்தது. 1890ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசனக் கணக்கெடுப்புக்காகப் பிறந்த இயந்திரம் அது. ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் அட்டை, வயது, தொழில், பிறந்த இடம் எல்லாம் அட்டையின் துளைகளில். இயந்திரம் துளைகளை மின்சாரத்தால் உணர்ந்து எண்ணும். தராசிலும் இறைச்சி வெட்டியிலும் எதிர்காலம் இல்லை, இந்த அட்டையில்தான் இருக்கிறது என்று வொட்சன் கண்டார். 1924இல் கம்பனிக்கு இன்டர்நஷனல் பிஸ்னஸ் மெஷின்ஸ் என்று பெயர் வைத்தார்.

இனித்தான் விலையின் கதை. ஹோலரித் இயந்திரத்தை எந்த நிறுவனத்தாலும் வாங்க முடியாது, மாத வாடகைக்குத்தான் எடுக்கலாம். இந்த ஏற்பாடு ஹோலரித் காலத்திலேயே இருந்தது, வொட்சன் அதைக் கம்பனியின் முதுகெலும்பாக்கினார். லீசிங் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பக்கத்தில் வயிறு கலங்கும். 2009க்குப் பிறகு வன்னிக்குள் வந்த நிதிக் கம்பனிகள் முச்சக்கரவண்டியையும் உழவு இயந்திரத்தையும் லீசிங்கில் தந்துவிட்டு, தவணை பிந்தியதும் வந்து இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். அங்கே வண்டி பழுதானால் திருத்தும் செலவு எடுத்தவருடையது, தவணையும் அவருடையது. வொட்சனின் வாடகை வேறு மாதிரி. இயந்திரம் கம்பனியின் சொத்து. பழுதானால் கம்பனியின் ஆள் வந்து திருத்த வேண்டும், அந்தச் செலவு வாடகைக்குள் அடக்கம். வேலை செய்யாத இயந்திரத்தை வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதனால் உறுதியான இயந்திரம் செய்வது கம்பனிக்கே இலாபமாக இருந்தது. பழுதின் நட்டம் செய்தவரின் தலையில் விழுந்தது.

என் கணிப்பில் வொட்சன் விற்றதில் மிகப் பெரிய பொருள் இதுதான். இயந்திரத்தைப் பொருத்திவிட்டுப் போவதோடு அவருடைய ஆளின் வேலை முடியாது. அந்த அலுவலகத்தின் கணக்கு ஒழுங்கை இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றிக் கொடுப்பது, ஊழியர்களைப் பழக்குவது, கூப்பிட்டால் வருவது எல்லாம் அதில் அடங்கும். விற்பனையாளருக்கும் திருத்துநருக்கும் தனித்தனியாகப் பயிற்சி. கறுத்த கோட்டும் வெள்ளைச் சட்டையும் கட்டாயம், பார்த்தால் வங்கி அதிகாரி போல இருப்பார்கள். சிந்திக்கச் சொல்லும் ஒற்றைச் சொல் அலுவலகச் சுவர்களில் தொங்கியது. கம்பனிக்கென்று பாட்டும் இருந்தது, வொட்சனைப் புகழும் பாட்டு. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் நள்ளிரவில் சம்பளப் பட்டியல் இயந்திரம் நின்றுபோன ஓர் அலுவலகத்துக்கு அந்த வெள்ளைச் சட்டைக்காரர் வந்து நிற்பது சிரிப்பான விடயமல்ல. அந்த வருகைக்குத்தான் ஆட்கள் கூடிய காசு கொடுத்தார்கள், கொடுத்தது வீணுமல்ல.

இதே இடத்தில் எங்கள் நிலைமையையும் சொல்ல வேண்டும். பெரிய பெயருள்ள மடிக்கணினியின் விலைக்குள்ளும் இப்படி ஒரு வருகையின் விலை இருக்கிறது. கொழும்பில் இருப்பவருக்கு அது கிடைக்கும். முல்லைத்தீவில் இருக்கும் பிள்ளைக்கு வாரண்டி என்பது ஏ9 வீதியில் ஒரு பகல், ஒரு இரவு, போக்குவரத்துச் செலவு, கணினி இல்லாமல் இரண்டு மூன்று கிழமை. ஒரே விலையைக் கொடுத்து இரண்டு பேர் வாங்குகிறார்கள், இரண்டு வேறு பொருட்கள் கிடைக்கின்றன. இதை விற்பவர்கள் சொல்வதில்லை, வாங்குபவர்களும் கேட்பதில்லை.

வொட்சனின் விலைக்குள் இன்னொன்றும் இருந்தது. அட்டை. அவரது இயந்திரத்துக்கு அவரது கம்பனியின் அட்டையைத்தான் போட வேண்டும் என்று வாடகை ஒப்பந்தம் சொன்னது. ஒரு துண்டு தடித்த கடதாசி. ஆனால் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி துண்டுகள் விற்றபோது அது பெரிய வருமானம். பிரின்டரை மலிவாகத் தந்துவிட்டு மையில் உழைப்பதை இன்று பார்க்கிறோமே, அதன் பாட்டன் இந்த அட்டை. அமெரிக்க அரசு மறுபடியும் நீதிமன்றம் போனது. தரமற்ற அட்டை போட்டால் கணக்குப் பிழைக்கும், பழி எங்கள் இயந்திரத்தின் மேல் விழும் என்பது கம்பனியின் வாதம். மற்றவர்களாலும் தரமான அட்டை செய்ய முடியும் என்று 1936இல் உச்ச நீதிமன்றம் தீர்த்து, அந்த நிபந்தனையைச் சட்டவிரோதமாக்கியது. அந்த வழக்கில் வெளிவந்த விபரம் ஒன்று எனக்குப் பிடிக்கும். அமெரிக்க அரசு தன் அலுவலகங்களில் சொந்தமாகச் செய்த அட்டையைப் பாவிக்கக் கம்பனி ஏற்கெனவே அனுமதித்திருந்தது, வாடகையை 15 வீதம் கூட்டித் தந்தால். அட்டையின் தரம் உண்மையாகவே பிரச்சினை என்றால், கூட்டிய வாடகை அந்தத் தரத்தை எப்படிச் சரிசெய்யும்?

ஆகவே ஒரே மாத வாடகைக்குள் இரண்டு காசு கலந்திருந்தது. ஒன்று, வந்து திருத்தித் தருவதற்கானது. மற்றது, நீங்கள் வேறெங்கும் போக முடியாதபடி கட்டி வைத்ததற்கானது. முதலாவதை நியாயமென்றே சொல்வேன். இரண்டாவது வரி. இன்றைய கணினிகளில் ராம் பலகையோடு சேர்த்து ஈயம் பற்றவைக்கப்பட்டிருப்பதையும், அந்தக் கம்பனியின் சார்ஜர் அல்லாத ஒன்றை இயந்திரம் ஏற்க மறுப்பதையும் திருத்தும் மேசையில் பார்க்கும்போது இந்த அட்டைகள்தான் நினைவுக்கு வரும்.

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் மற்றவர்கள் தொழிற்சாலைகளை மூடியபோது வொட்சன் ஆட்களை நிறுத்தவில்லை. இயந்திரங்களைச் செய்து களஞ்சியத்தில் அடுக்கினார். பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. 1935இல் அமெரிக்கா சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றி, ஏறத்தாழ இரண்டு கோடி அறுபது இலட்சம் தொழிலாளர்களின் பதிவுகளைப் பேண வேண்டி வந்தபோது, அவ்வளவு இயந்திரங்களை உடனே தரக்கூடிய இடமாக அவரது களஞ்சியம் இருந்தது. ஊழியருக்கு ஆயுள் காப்புறுதியும் சம்பளத்தோடு விடுமுறையும் அந்த ஆண்டுகளில் கொடுத்தார். அவரது வருமானம் நாளொன்றுக்கு ஆயிரம் டொலர் என்று பத்திரிகைகள் எழுதியதும் அந்த ஆண்டுகளில்தான்.

அடுத்துச் சொல்லப்போவதை விட்டுவிட்டு இந்த வாழ்க்கையைச் சொல்ல முடியாது, எங்களுக்குச் சொல்லும்போது கட்டாயம் விட முடியாது.

ஐ.பி.எம்.முக்கு ஜேர்மனியில் டெஹோமாக் என்ற கிளை இருந்தது, 1920களின் தொடக்கத்திலிருந்தே அதன் பெரும்பங்கு வொட்சனின் கையில். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் பிரஷ்யாவின் குடிசனக் கணக்கெடுப்பை டெஹோமாக்கின் அட்டை இயந்திரங்கள் செய்து கொடுத்தன. சமயம் எது என்பதற்கும் அந்த அட்டையில் துளை இருந்தது. 1937இல் வொட்சன் சர்வதேச வர்த்தக சம்மேளனத்தின் தலைவராகப் பேர்லினுக்குப் போனார், ஹிட்லரைச் சந்தித்தார், ஜேர்மன் கழுகு என்ற பதக்கத்தை ஏற்றார். வர்த்தகம் வளர்ந்தால் யுத்தம் வராது என்பது அவரது நம்பிக்கை. 1940 ஜூனில், பிரான்ஸ் விழுந்துகொண்டிருந்த நாட்களில், பதக்கத்தைத் திருப்பி அனுப்பினார். மூன்று வருடம் வைத்திருந்துவிட்டுத் திருப்பியது தாமதம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு கிளை நாஜி அரசு நியமித்த பொறுப்பாளரின் கீழ் போனது. வதை முகாம்களில் கைதிகளின் தொழிலாளர் பதிவுகளுக்கும் ஹோலரித் அட்டைகள் பாவிக்கப்பட்டன. வொஷிங்டனில் உள்ள யூத இன அழிப்பு நினைவு அருங்காட்சியகத்தில் அப்படியான ஓர் இயந்திரம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது.

2001இல் எட்வின் பிளாக் என்ற எழுத்தாளர் இதைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். நியூயோர்க் தலைமையகத்துக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. ஆனால் வியாபாரத்தின் முறையை வைத்தே ஒன்றைச் சொல்லலாம். விற்றுவிட்டுப் போன ஒருவர், அதை வாங்கியவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். வாடகைக்குக் கொடுத்து, மாதம் மாதம் ஆளனுப்பித் திருத்தி, அட்டையும் அச்சிட்டுக் கொடுக்கும் வியாபாரத்தில் அந்த வார்த்தை இலகுவாக வாயில் வராது. குறைந்தது போருக்கு முந்திய ஆண்டுகளுக்காவது. வொட்சனின் பெருமை எதுவோ, அதே சேவைதான் இங்கே அவருக்கு எதிரான சாட்சியாகவும் நிற்கிறது.

பட்டியல் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. முள்வேலி முகாமில் வரிசையில் நின்று பெயர் பதிந்திருக்கிறோம், ஒரே குடும்பத்தின் விபரத்தை எத்தனையோ சீருடைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறோம். எழுதி வாங்கிய பட்டியல்கள் அத்தனை இருக்க, சரணடைந்தவர்களின் பட்டியலைக் கேட்டு 2017 முதல் வீதியோரத்தில் இருக்கும் அம்மாமாருக்கு அது மட்டும் கிடைக்கவில்லை.

போர்க்காலத்தில் வொட்சனின் அமெரிக்கத் தொழிற்சாலைகள் துப்பாக்கியும் செய்தன. ஆயுதங்களில் ஒரு வீதம்தான் இலாபம் என்று வரையறுத்து, அந்தக் காசைப் போரில் இறந்த தன் ஊழியர்களின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்குமான நிதியாக ஒதுக்கினார். பேர்லினுக்குப் போனவரும் இதைச் செய்தவரும் ஒரே ஆள்தான். ஒன்றை மற்றதால் கழித்து மிகுதி பார்க்க நான் முயலவில்லை.

இலத்திரனியல் கணினி அவருடைய கடைசிப் பத்தாண்டில் வந்தது. உலகச் சந்தைக்கு ஐந்து கணினி போதும் என்ற கருத்து அவருடையதென்று ஊர்முழுக்கச் சொல்வார்கள், அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. 1948இலேயே ஒரு பிரமாண்டமான கணக்கியந்திரத்தைச் செய்து, நியூயோர்க் தலைமையகத்தின் கீழ்த்தளத்தில், தெருவால் போகிறவர்கள் கண்ணாடிக்கூடாகப் பார்க்கும்படி வைத்தவர் அவர். இருந்தாலும் வியாபாரக் கணினியில் முந்தியது ரெமிங்டன் ராண்ட் கம்பனியின் யூனிவாக். 1952 ஜனாதிபதித் தேர்தல் இரவில் ஐசன்ஹோவரின் வெற்றியைத் தொலைக்காட்சிக்காக முன்கூட்டியே கணித்ததும் அதுவே. ஆனாலும் சில ஆண்டுகளில் அலுவலகங்கள் ஐ.பி.எம். பக்கமே வந்தன. 1953இல் அறிவிக்கப்பட்ட 650 என்ற கணினி, மாதம் 3,000 டொலருக்கு மேல் வாடகை இருந்தும், ஏறத்தாழ இரண்டாயிரம் செய்யப்பட்டது. முப்பது வருடமாகக் கூப்பிட்டவுடன் வந்த ஆளை விட்டுவிட்டுப் புது ஆளிடம் போக அலுவலகங்கள் விரும்பவில்லை. கணினிப் பாடம் நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கு அதே 650ஐ 60 வீதம் வரை கழிவில் கொடுத்தார்கள். படித்து வெளியே போகும் பிள்ளைகள் தாங்கள் பழகிய இயந்திரத்தையே வேலைத்தலத்திலும் கேட்பார்கள் என்பது தெரிந்த கணக்கு. இலவசமாகவோ மலிவாகவோ பாடசாலைகளுக்குக் கணினி வரும்போது எங்கள் அதிபர்மாரும் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

அமெரிக்க அரசு மூன்றாவது முறையும் வந்தது. 1952இல் தொடங்கிய வழக்கு 1956 ஜனவரியில் இணக்கத் தீர்ப்பாக முடிந்தது. வாடகைக்கு மட்டும் கொடுக்காமல் இயந்திரத்தை விற்கவும் வேண்டும். வெளியில் திருத்துபவர்களுக்கு உதிரிப்பாகங்களையும் தொழில்நுட்ப விபரங்களையும் கொடுக்க வேண்டும். அட்டை உற்பத்தியில் தன் பங்கைப் பாதிக்குக் குறைக்க வேண்டும். பாவித்த இயந்திர வியாபாரத்துக்கும் அந்தத் தீர்ப்பு இடம் திறந்தது. 14ஆம் தெருவில் பழைய இயந்திரக் கடைக்காரர்களை மூட வைத்தவரின் கம்பனி, 53 வருடத்தின் பின் அதே வகைக் கடைக்காரர்களுக்கு வழிவிட வேண்டி வந்தது. வொட்சன் இதை விரும்பவில்லை. கையொப்பமிட்டது மகன், அவரும் தொமஸ் வொட்சன்தான். அந்த மே மாதம் தகப்பன் தலைமைப் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்தார். ஜூன் 19ஆம் திகதி, 82 வயதில், நியூயோர்க்கில் இறந்தார். அவர் வந்தபோது ஆயிரத்துச் சொச்சம் பேர் வேலை செய்த கம்பனியில் அப்போது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள்.

சிந்திக்கச் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லைத் தலைப்பாகக் கொண்டு 1992இல் ஐ.பி.எம். ஒரு மடிக்கணினி செய்தது, திங்க்பாட். 2005இல் அந்தப் பிரிவு சீனாவின் லெனோவோவுக்குப் போனது. அலுவலகங்களுக்கென்று செய்யப்படும் விலை கூடிய கணினி அது. வேறு கம்பனிகளும் அந்த வகையில் செய்கின்றன. வெளிநாட்டு அலுவலகங்கள் மூன்று, நான்கு வருடம் பாவித்துக் கழித்தவை கொள்கலன்களில் இங்கே வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் மூடியைத் திருகாணி கழற்றித் திறக்கலாம், எதை எப்படிக் கழற்றுவது என்ற கையேட்டைக் கம்பனியே வெளியிட்டிருக்கிறது. பற்றரி, திரை, விசைப்பலகை, பிணைச்சல் எல்லாம் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ யாழ்ப்பாணத்திலோ தேடினால் அகப்படும். புதியதாக இருந்தபோது கொடுக்கப்பட்ட கூடிய விலையை எங்கோ ஓர் அலுவலகம் கட்டி முடித்துவிட்டது.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு, புதிய பெரிய பெயரை வாங்குமுன் அதன் பழையதை இங்கே யாராவது திருத்துகிறார்களா என்று விசாரிக்கச் சொல்வேன். மெல்லியதாக, அழகாக, எல்லாம் ஒட்டிப் பற்றவைத்துச் செய்த விலை கூடிய இயந்திரம் கொழும்பில் வேலை செய்யும் ஒருவருக்குச் சரியாக இருக்கலாம். புதுக்குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைக்குப் பாவித்த அலுவலகக் கணினி ஒன்றை எடுத்து, பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை எஸ்.எஸ்.டி.யாக மாற்றி, புதிய பற்றரி போட்டுக் கொடுப்பேன். புதிய மலிவுக் கணினியை எடுப்பவர்களை மறிப்பதில்லை, ஆனால் பிணைச்சலை இரண்டு மூன்று தரம் திறந்து மூடிப் பார்க்கச் சொல்வேன். இரண்டாவது வருடத்தில் என் மேசைக்கு வருபவற்றில் பாதி அந்த இடத்தில் உடைந்தவை.